நாலு முழக் கம்பியின் விலை

பாலையூற்றிலிருந்து வருகிற பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண்ணின் குடையைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?" என்று மக்டலின் கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டாள். "உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான். மத்திய வீதியிலை இருநூறு ரூபா குறைவு" என்று தீர்ப்பைச் சொல்லி, மக்டலின் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கிப் போனார். மீதிப் பயணம் முழுவதும் அந்தப் பெண் தன் குடையை முறைத்துக்கொண்டு போயிருப்பாள்.

வாங்குவதற்காக அவர் விலை கேட்பதில்லை. ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வாங்க வேண்டியது அதிகமும் இல்லை. ஆனால் ஒரு பொருளின் விலை தெரியாமல் அதன் பக்கத்தில் நிற்க அவரால் ஏலாது. செத்தவீட்டுக்குப் போனால் முதலில் மனதார அழுவார். கண்ணைத் துடைத்த பிறகு பெட்டி என்ன விலை என்று விசாரிப்பார். பங்குத் தந்தையின் புது மோட்டார்சைக்கிள் விலையைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டார் என்றொரு கதை ஊரில் உண்டு. அதை அவர் வன்மையாக மறுக்கிறார். "பச்சைப் பொய். வெளியிலை வந்த பிறகுதான் கேட்டனான்."

உட்துறைமுக வீதியில் உள்ள கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் அவர் தலைமை எழுதுவினைஞர். சீமெந்தோ கோதுமையோ ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தால், அதற்கு வேண்டிய கடதாசி எல்லாவற்றையும் தயார்செய்து கொடுப்பது அந்தக் கந்தோரின் வேலை. இருபத்தாறு வருடமாகத் தேயிலையிலிருந்து அச்சு மை வரை அங்கே நுழைந்த ஒவ்வொன்றின் விலையும் அவர் வாயில் அடிபட்டுக் குறைந்த பிறகே உள்ளே வந்திருக்கிறது. ஒன்றைத் தவிர. இன்ரநெற் பில் மட்டும் மூடிய உறையில் நேரே முதலாளி யோகலிங்கத்தின் மேசைக்குப் போய்விடும். "அது பெரிய இடத்து விசயம். எனக்கெண்டு விசேஷ விலை போட்டுத் தந்திருக்கிறாங்கள்" என்பார் யோகலிங்கம். அப்படிச் சொல்லும்போது கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

போன மாசி மாதம் கப்பல் வரத்துக் குறைந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று யோகலிங்கம் ஒரு முழுக் காலை யோசித்தார். யோசனையின் முடிவில், தட்டச்சு செய்கிற றஜிதாவை மாத முடிவோடு நிறுத்துவது என்று தீர்மானித்தார். கடிதத்தை எழுதும்படி மக்டலினிடம் சொன்னார். றஜிதாவுக்குப் புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். சம்பளம் நாற்பத்தெட்டாயிரம்.

"எழுதுறன் சேர். செலவு முழுக்க ஒருக்காப் பாத்திட்டு எழுதுறன். இன்ரநெற் பில்லையும் தாங்கோ" என்றார் மக்டலின். யோகலிங்கம் மறுக்கக் காரணம் தேடினார். அகப்படாததால் உறையை எடுத்து நீட்டினார்.

பில்லில் மூன்று வரிகள் இருந்தன. ஐம்பது எம்.பி. வேகத்தில் கந்தோருக்கு வரும் லைனுக்கு மாதம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். கொழும்பில், லைன் தருகிற பெரிய தொலைத்தொடர்புக் கொம்பனியின் கட்டடத்தில் கந்தோரின் கணினி ஒன்றை வைத்திருக்கும் அலுமாரிக்கு வாடகை ஒரு லட்சத்து அறுபதாயிரம். அந்த அலுமாரியைப் பக்கத்து அலுமாரியோடு தொடுக்கிற கம்பிக்குப் பன்னிரண்டாயிரம். மக்டலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். றஜிதாவின் ஒன்பது மாதச் சம்பளத்துக்கு மேலான காசு மாதா மாதம் சத்தமில்லாமல் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் வழக்கப்படி விலை விசாரிக்கப் புறப்பட்டார். அடுத்த கட்டடம் மீன் ஏற்றுமதி செய்கிற இடம். அங்கே கணக்காளர் ஷாமிலா. இரண்டு கட்டடங்களுக்கும் லைன் ஒரே தூணிலிருந்துதான் வருகிறது. ஒரு காகம் நினைத்தால் இரண்டு கம்பியிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு இருக்கலாம்.

"அதைச் சொல்ல ஏலாது மக்டலின் அக்கா" என்றார் ஷாமிலா. "ஒப்பந்தத்திலை கிடக்கு. விலையை வெளியிலை கதைச்சால் வழக்குப் போடுவாங்களாம்."

விலை கேட்டு ஒருவர் சொல்ல மறுத்தது மக்டலினின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் சோற்றுப் பொதியைத் திறந்து வைத்துவிட்டுக் கை வைக்காமல் இருந்தார். கறி விளைமீன், அப்படியும் இறங்கவில்லை. மூன்று மணிக்குத் திரும்பவும் ஷாமிலாவிடம் போனார்.

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் பிள்ளை. நான் என்ரபாட்டிலை இலக்கம் சொல்லிக்கொண்டு இருக்கிறன். தொண்டை கரகரத்தால் இருமுங்கோ. இருமலுக்கு ஒப்பந்தம் இல்லைத்தானே?"

இரண்டரை லட்சத்தில் தொடங்கினார். ஷாமிலா சுவர்க் கலண்டரைப் பார்த்தார். இரண்டு. ஒன்றரை. ஒன்றேகால். கலண்டரில் அசைவில்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றதும் ஷாமிலாவுக்கு இருமல் வந்தது.

"ஐம்பது எம்பிக்கோ?" இருமல் இல்லை. "நூறுக்கோ?" இம்முறை தண்ணீர் குடிக்க வேண்டிய அளவுக்கு இருமினார்.

சீமெந்து, இரும்பு மொத்த வியாபாரம் செய்கிற முஹம்மது தம்பியிடம் இந்த வித்தை தேவைப்படவில்லை. அவர் தானாகவே சொன்னார். ஐம்பது எம்.பி.க்கு மூன்று லட்சத்து இருபதாயிரம். "வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க தங்கச்சி. எனக்கு மட்டும் குறைச்சுத் தாறானுகள்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த வீதியில் எல்லோருக்கும் விசேஷ விலைதான் என்பது மக்டலினுக்கு அப்போது விளங்கியது. யாருக்கு எந்த விலை என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமாக இருக்கவில்லை. பேரம் பேச வெட்கப்பட்டவர்கள் கூடக் கொடுத்தார்கள். தங்களைப் பெரிய மனிதர் என்று நினைத்தவர்கள் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனார். "என்ன அலுவல்?" என்று கேட்ட யோகலிங்கத்துக்கு, "எங்கட அலுமாரியைப் பாக்கப் போறன் சேர். ஏழு வருசமா வாடகை குடுக்கிறம், ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை" என்றார். யோகலிங்கம் சிரித்தார். மக்டலின் பகிடி விடவில்லை என்பது பஸ் புறப்பட்ட பிறகே யோகலிங்கத்துக்குத் தெரிந்தது.

கொம்பனிக் கட்டடத்தில் அடையாள அட்டையை வாங்கி வைத்து, மூன்று புத்தகங்களில் கையெழுத்து எடுத்து, மீன் ஐஸ் அறை போலக் குளிர்ந்த ஒரு மண்டபத்துக்குள் அவரைக் கூட்டிப் போனார்கள். அலுமாரி அவரைவிட உயரம். திறந்தார்கள். அடித்தட்டில் பிஸ்கட் பெட்டி அளவில் ஒரு கணினி பச்சை வெளிச்சத்தைச் சிமிட்டிக்கொண்டு இருந்தது. மேலே நாற்பது தட்டும் வெறுமை.

"மிச்சத் தட்டெல்லாம் ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் மெடம். எதிர்கால வளர்ச்சிக்காக" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

"ஏழு வருசமா ஒண்டும் வளரக் காணேல்லையே, ராசா."

பிறகு அந்தக் கம்பியைக் காட்டச் சொன்னார். முழங்கையை வைத்து அளந்தார். நாலு முழம். இதுவரை அதற்குக் கொடுத்த காசு பத்து லட்சத்துக்கு மேல். முழம் இரண்டரை லட்சம் என்ற கணக்கு, திரும்பி வருகிற பஸ் ஹபறணையைத் தொடுமுன்னமே அவர் மனதில் முடிந்துவிட்டது. மறுநாள் கந்தோரில் ஒப்பந்தத்தை எடுத்து இருபத்து மூன்றாம் பக்கம் வரைக்கும் வாசித்தார். அதை எழுதியவர்களே அவ்வளவு தூரம் வாசித்திருப்பார்களோ தெரியாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்து வாங்கக் கொழும்பிலிருந்து கொம்பனியின் விற்பனை உத்தியோகத்தர் கஜீபன் வந்தார். கழுத்துப்பட்டி, கனிவான சிரிப்பு, ஒரு பெட்டி கேக். "உங்கள் நீண்டகால விசுவாசத்தை மதித்து, எட்டு வீதம் மட்டுமே கூட்டியிருக்கிறோம்" என்றார். யோகலிங்கம் நெகிழ்ந்துபோய்ப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்த வீதியிலை எல்லாருக்கும் ஒரே விலையோ?" என்றார் மக்டலின்.

"மெடம், ஒவ்வொரு வாடிக்கையாளருடைய தேவைக்கும் ஏற்ப நாங்கள் தனித்தனியாக..."

"தேவையைக் கேக்கேல்லை. விலையைக் கேட்டனான்."

"மற்றவர்களுடைய விலை இரகசியம், மெடம்."

"சந்தையிலை பாரை மீன் விக்கிறவனும் ஆளைப் பாத்துத்தான் விலை சொல்லுறான். ஆனால் பக்கத்திலை நிக்கிறவளுக்கும் கேக்கத்தக்கதாச் சொல்லுறான், தம்பி."

யோகலிங்கம் மக்டலினை அறைக்கு வெளியே கூட்டிப் போனார். முகம் வியர்த்திருந்தது. "அவன் கோவிச்சு லைனை வெட்டினால் நாளைக்கே கந்தோர் படுத்திடும். அப்பிடி ஒண்டு நடந்தால், றஜிதாவோடை நீங்களும் வீட்டை போக வேண்டியதுதான், மக்டலின்."

மக்டலினுக்கு அது ஓய்வூதியம் இல்லாத உத்தியோகம். வீட்டுக் கூரை பாதி மாற்றிய நிலையில் நின்றது. அப்படியிருந்தும் உள்ளே போய், றஜிதாவின் கையாலேயே தட்டச்சு செய்வித்த கடிதத்தைக் கேக் பெட்டியின் மேல் வைத்தார். ஒப்பந்தம் முடியப் போகிறது, இனி வேண்டாம், அலுமாரியையும் காலி செய்கிறோம் என்று அதில் இருந்தது. "அறுபது நாளுக்கு முன்னம் அறிவிக்க வேணும் எண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். முடிய இன்னும் அறுபத்தொரு நாள் கிடக்கு."

கஜீபனின் சிரிப்பு மட்டும் முகத்தில் தங்கியது. கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, எட்டு வீதக் கூட்டலை விட்டுவிடலாம் என்றார். மக்டலின் கைப்பையைத் தோளில் மாட்டினார். கஜீபன் இரண்டாம் முறை போனார். வந்தபோது லைன் இரண்டு லட்சமாகியிருந்தது. மக்டலின் செருப்பைத் தேடினார். மூன்றாம் முறை கஜீபன் வெகுநேரம் பேசினார். ஊர் வீதிகளில் ஆடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வாசல் குப்பைக்கு வந்து அவருடைய வாகனத்தை மணந்து பார்த்துவிட்டுப் போனது. உள்ளே வந்து கஜீபன் சொன்னார்: நூறு எம்.பி., ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். அலுமாரியில் கால்வாசி மட்டும், நாற்பத்தையாயிரம்.

"கம்பி?"

"கம்பி இலவசம், மெடம்."

ஒரேயொரு நிபந்தனை. இந்த விலையை யாருக்கும் வாயால் சொல்லக்கூடாது என்று மக்டலினும் தனியாகக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தார். கஜீபன் போனதும், றஜிதாவை நிறுத்தப் பாதி எழுதி வைத்திருந்த கடிதத்தை யோகலிங்கத்துக்கு முன்னாலேயே நாலாகக் கிழித்தார். யோகலிங்கம் கேக்கை வெட்டினார். அடுத்து வந்த வர்த்தகர் கூட்டத்தில், பெரிய கொம்பனிகளைத் தான் எப்படி மண்டியிட வைத்தார் என்று இருபது நிமிடம் பேசினாராம்.

கூட்டம் முடிந்த மறுநாள் முஹம்மது தம்பி கந்தோருக்கு ஓடி வந்தார். மின்சாரம் நின்று போயிருந்த நேரம், மின்விசிறி அசையவில்லை, மனிதருக்குச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, என்ன விலைக்கு முடிச்சீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"சொல்லேலாது நானா. கையெழுத்து வைச்சிருக்கிறன்." பெயரில்தான் தம்பி, வயதில் மூத்தவர் என்பதால் முஸ்லிம் முறைப்படி அவரை அண்ணன் என்று கூப்பிட்டார்.

"ஒரு வார்த்தை கூடவா ஏலாது?"

"ஒரு வார்த்தையும் ஏலாது."

முஹம்மது தம்பி கதிரையில் சாய்ந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். மக்டலின் மேசை லாச்சியைத் திறந்து, ஒப்பந்தத்திலிருந்து விலை எழுதிய தாளை மட்டும் கழற்றி எடுத்தார். "சரியான வெக்கை, நானா. பிடியுங்கோ, விசிறுங்கோ" என்று, எழுத்துள்ள பக்கம் அவருடைய முகத்துக்கு நேரே இருக்கும்படி திருப்பிக் கொடுத்தார்.