இடப்பக்கத்துப் பட்டன்

சவர்க்காரத் துண்டொன்றில் ஊசியைக் குத்தி நிமிர்த்தி வைத்துவிட்டு, நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி, ஒரே முயற்சியில் கோத்துவிடுகிறார் உதயரூபன். துணியின் ஒரு முனை அவரது மோவாயின் கீழ் இருக்கிறது. மறுமுனையை, மணிக்கட்டோடு முடிந்துபோன வலக்கை மேசையில் அழுத்திப் பிடித்திருக்கிறது. மீதி வேலையெல்லாம் இடக்கைக்கும், மெசினை மிதிக்கும் கால்களுக்கும்தான். ஊராருக்குத் தைப்பவர் அல்லர் அவர். தைப்பது தனக்கு மட்டும். வேலைக்குப் போட்டுப் போகும் நீளக்கைச் சேட்டு.

வேலை, வாழைச்சேனையில் தனியார் பஸ்களுக்கு நேரக்காப்பாளர். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். புறப்பட வேண்டிய பஸ் நகராமல் நின்றால், சாரதியின் ஜன்னலுக்குக் கீழே போய்ப் பேசாமல் நிற்பார். அவர் நிற்கும் நிற்பிலேயே பஸ் கிளம்பிவிடும்.

முன்னர் ஏறாவூர்ப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் வேலை செய்தார். ஒருநாள் சேட்டுக் கையின் பட்டன் விழுந்துவிட்டது. தைக்க நேரமில்லாமல் அப்படியே போனார். தொங்கிய கைத்துணியை ஓடிக்கொண்டிருந்த ஆலை மெசினின் பட்டி இழுத்தது. துணியோடு கையும் போனது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தழதழப்பதில்லை. “அரை நிமிசத்து வேல. தச்சிருக்கலாம்,” என்கிறார், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

ரீசேட் போட்டால் பட்டன் தொல்லையே இல்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. “வீட்டில கிடக்கக்க அது சரி. வேலைக்குச் சேட்டுப் போட்டுத்தான் போவன். கையும் பூட்டித்தான் போவன்.”

மனைவி யோகமலர் வீட்டில் இருந்தவரை காலையில் அவள் பூட்டிவிட்டாள். ஆலைச் சம்பளம் நின்றதும் அவள் குவைத்துக்குப் போனாள். பிறகு அடுத்த வளவில் இருக்கும் அக்கா புஸ்பம் விடியற்காலையில் எழுந்து வந்து பூட்டிவிட்டார். ஒருநாள் அக்கா வரவில்லை. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இருட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். உதயரூபன் திறந்த சேட்டோடு கட்டிலில் இருந்து பட்டனோடு மல்லுக்கட்டினார். ஒன்றுகூடப் பூட்டுப்படவில்லை. படலையடிக்குப் போய், தெருவால் போகிற எவரையாவது கூப்பிடலாமா என்று நினைத்தார். வாய் வரவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அன்று பஸ் தரிப்பிடத்தில் நேரம் பார்க்க ஆளில்லாமல், இரண்டு பஸ்காரர்கள் பயணிகளுக்காகத் தங்களுக்குள் அடிபடப் போனார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று பஸ் சங்கத் தலைவர் சொல்லியனுப்பினார்.

அன்று பின்னேரமே மனைவியின் தையல் மெசினை மூடியிருந்த துணியை இழுத்தெறிந்தார்.

முதலில் பழைய சேட்டுகளில் பட்டன்களை வெட்டிவிட்டு, அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டி தைத்தார். பூட்டுவது லேசுதான். ஆனால் கண்ணகை அம்மன் கோயில் சடங்கில், எல்லோரும் கைகூப்பி நின்ற நேரம், உள்ளே போகச் சேட்டைக் கழற்றினார். பர்ரென்ற சத்தத்தில் பூசகரே திரும்பிப் பார்த்தார். அதோடு ஒட்டுப்பட்டி போயிற்று. அடுத்து அழுத்துப் பட்டன் வைத்தார். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினால் நெஞ்சு முழுவதும் படபடவென்று திறந்துகொண்டது. பிறகு சிப் வைத்தார். அதன் அடி முனையைக் கொளுவ இரண்டு கை வேண்டியிருந்தது. அடியைத் தைத்து மூடித் தலையால் போட்டுப் பார்த்தார். வியர்வையில் பாதியில் சிக்கி, அக்காவைக் கூவ வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பிரித்தார். மறுபடி தைத்தார்.

விடை கிடைத்தது ஏறாவூரில் நஸ்ஹாவின் தையல் சாமான் கடையில். நூல் கேட்டுவிட்டுக் காத்து நின்றவர், பக்கத்துப் பொம்மையில் மாட்டியிருந்த சட்டையின் பட்டனைச் சும்மா தொட்டார். கழற்றினார். பூட்டினார். இன்னொன்றும் அப்படியே. பிறகு அந்தச் சட்டையை வாங்கித் தன் தோளிலே போட்டுக்கொண்டு, இடக்கையால் மேலிருந்து கீழ்வரை பூட்டினார். நஸ்ஹா தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“அண்ணன், அது பொம்புளயளுக்குத் தச்சது. பட்டன் இடப்பக்கம் வாற.”

“ஓம் தங்கச்சி. எண்ட கையும் இடப்பக்கந்தானே கிடக்கு.”

பெரிய பட்டன்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். துளையைக் குறுக்கே வெட்டினால் பட்டன் நழுவாது என்று அவளே சொன்னாள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிக் கொஞ்சம் கழுத்து விட்டுத் தைக்க அவராகக் கண்டுபிடித்தார். சேட்டுக் கைப் பட்டன்தான் கடைசிவரை அடங்கவில்லை. ஒரு கையை உடைய மனிதன் அந்தக் கையின் பட்டனை எதால் பூட்டுவது? இழுபடும் நூலால் அதைத் தைத்தார். இப்போது பூட்டிய கைக்குள்ளேயே கையை நுழைக்கிறார். அது விரிந்துவிட்டுப் பிறகு இறுகிக்கொள்கிறது.

தரிப்பிடத்தில் இரண்டொரு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பொஞ்சாதியின் சட்டையை மாறிப் போட்டுவிட்டாயோ என்று ஒரு சாரதி எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். உதயரூபன் விசிலை ஊதி அவரது பஸ்ஸை அனுப்பினார். அதுதான் பதில்.

சங்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலச் சேட்டுத் தைத்துக் கொடுத்தபோதுதான் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. அவர் சேட்டை வாங்கவில்லை. துணியைத் தாருங்கள், நான் தைக்கிறேன் என்றார். ஆளுக்கொரு மாதிரித் தைத்தால் சீருடை எதற்கு என்று தலைவர் கேட்டார்.

“நிறம் ஒண்டு, கொலர் ஒண்டு, பொக்கற் ஒண்டு. பூட்டுற பக்கம் மட்டும் வேற. விடிய எழும்பி ஒருத்தரையும் கூப்பிடாம வேலைக்கு வாறன், தலைவர். அதுதானே வேணும்?”

தலைவர் அவரது நெஞ்சிலிருந்த பட்டன் வரிசையைப் பார்த்தார். பிறகு துணியை வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

இதை எழுதுவதற்காக நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த வாரம் யோகமலர் விடுமுறையில் வந்திருந்தாள். அவர் வேலைக்கு வெளிக்கிடும்போது, பழக்கத்தில் அவள் முன்னால் போய்க் கையை நீட்டினாள். எதிர்ப் பக்கத்துப் பட்டன்கள் அவளது விரல்களுக்குப் பிடிபடவில்லை. அவர் ஒரு அடி பின்வாங்கி, கடைசிப் பட்டன்வரை தானே பூட்டினார். அவள் முகம் சற்று வாடியது. உள்ளே போய், கொண்டுவந்த கைக்கடிகாரத்தை எடுத்து வந்தாள். தோல் வார், பளபளக்கும் கொளுக்கி.

“கையத் தாங்க. இதையாவது நான் பூட்டி விடுறன்.”

“நீ திரும்பிப் போனா ஆர் பூட்டுற?”

கடிகாரத்தை வாங்கி மெசின் மேசையில் வைத்தார். தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து, கொளுக்கிக்குப் பதிலாக இழுபடும் நாடா வைக்க, அதைப் பிடித்திருந்த தையலை அறுக்கத் தொடங்கினார். புதுச் சாமானைப் பாழாக்க வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. தோல் வழுக்கி, வார் கத்திக்கு முன்னால் நழுவி நழுவிப் போனது. அவள் பக்கத்தில் வந்து குனிந்து, வாரின் நுனியை இரண்டு விரலால் மேசையோடு அழுத்திப் பிடித்தாள். அவர் அந்த விரல்களை விலக்கவில்லை. கத்தியை அவற்றில் படாமல் சற்றுச் சாய்த்துக்கொண்டு, அடுத்த தையலை அறுத்தார்.