ஜானிக்கு இன்னைக்கு முடி எடுத்தோம்

இன்னைக்குக் காலையில எங்க தெருவே என்னையக் கொடுமைக்காரின்னு முடிவு பண்ணிருச்சு.

எங்க ஜானி டெரியர் நாய். முடி கம்பி மாதிரி வெறப்பா இருக்கும். அதைக் கத்தரிக்கக் கூடாது, செத்த முடியை விரலால புடுங்கி எடுக்கணும். நாய்க்கு வலிக்காது. போன தடவை எங்க வீட்டுக்காரர் கத்தரி போட்டு, அது ஆட்டுக்குட்டி கணக்கா மெத்துனு ஆகிப்போச்சு.

அதனால இன்னைக்கு நானே வாசல்ல உக்காந்து வலது பக்கத்தைப் புடுங்கி முடிச்சேன்.

எதிர்வீட்டு செல்லத்தாயக்கா வேகமா வந்தாக.

"ஏத்தா, வாயில்லாச் சீவனக் கோழி மாதிரி உரிக்கிறியே!"

"அதுக்கு வலிக்காதுக்கா."

"ஒந் தலையில ஒரு கொத்தப் புடுங்கிட்டுச் சொல்லு."

தெருவுல போனவுகளும் நின்னுட்டாக. "நீங்களே ஒண்ணு இழுத்துப் பாருங்கக்கா"ன்னேன்.

பயந்துக்கிட்டே ஒரு முடிய இழுத்தாக. ஜானி கொட்டாவி விட்டுச்சு.

அக்காவுக்குத் திராட்சைத் தோட்டத்துல வேலை. கொத்துல நெருக்கமா இருக்குற பிஞ்சுகளைக் கழிச்சு விடுவாக. எதை எடுக்கணும், எதை விடணும்னு அந்தக் கைக்குத் தெரியும். அங்கனயே உக்காந்து இடது பக்கத்தை அரை மணி நேரத்துல முடிச்சுட்டாக. ஜானி அவுக மடியிலயே தூங்கிருச்சு.

எந்திரிக்கும்போது நான் செஞ்ச பக்கத்தைத் திரும்பவும் பாத்தாக.

"நான் சொன்னது சரிதானத்தா. இது உரிச்சதுதான்."

கீழ இடது பக்கப் போட்டோ மட்டும் போட்டிருக்கேன். ஜானிக்கு வலது பக்கமே இல்லையான்னு யாரும் கேக்காதீங்க.