அறுபத்தெட்டு டிகிரி மாப்பிள்ளை

எங்கள் தொழிலில் வேலை சரியாக இருந்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கு நாங்கள் தலைகுனிய வேண்டியதுதான். ஓட்டல், ஜவுளிக்கடைக் கூரைகளில் சிவப்புக் குழாய் ஓடுமே, அதன் நுனியில் விரல்நுனி அளவு கண்ணாடிக் குமிழோடு ஒரு பித்தளைப் பூ தொங்குமே, அந்த ஸ்பிரிங்க்ளரை மாட்டுவது எங்கள் பிழைப்பு. கீழே நெருப்பு எரிந்தால் சூட்டில் குமிழ் வெடிக்கும், தண்ணீர் கொட்டும். நெருப்பு வருவதற்குள் மற்ற எல்லாமும் வந்துவிடும் என்பதை ஏணியில் நின்று பிழைக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தீயணைப்பு அதிகாரி

புதுச்சேரியில் நான் இந்த வேலை பழகத் தொடங்கிய காலத்திலேயே வீட்டில் பெண் பார்த்தார்கள். லாஸ்பேட்டையில் பெண். பெயர் கௌரி. அப்பா தணிகாசலம் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலுக்கு மேனேஜராகவும் இருந்தார். சம்பந்தம் பேசிய என் அத்தை அவரிடம் “பையன் ஃபயர்ல ஆபீசர்” என்று சொல்லிவைத்திருந்தாள்.

“சைரன் வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமா?” என்று கேட்டார் அவர். உண்மையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிவப்புக் குமிழ் அறுபத்தெட்டு டிகிரியில் வெடிக்கும், சமையலறைக்குப் பச்சைக் குமிழ், அது தொண்ணூற்று மூன்று, சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் ஒன்றாகத் திறக்காது, சூடு பட்ட ஒன்றுதான் திறக்கும் என்று கேசரி ஆறும்வரை பேசினேன். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அத்தை என் தொடையைக் கிள்ளினாள். தணிகாசலம் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“அதாவது தம்பி, நீங்க நெருப்ப அணைக்கிறவர் இல்ல, குழா மாட்டுறவர். நல்லது. எங்க ஓட்டல்லதான் அடுத்த வாரம் உங்க ஆளுங்க வேலைக்கு வர்றாங்க. வேலைய என் கண்ணால பாத்துட்டு முடிவு சொல்றேன்.”

பலூன்

ஓட்டலுக்கு நானும் ஜபார் பாயும் போனோம். எனக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அவர். ஆனால் யாராவது கேள்வி கேட்டால் “தம்பி நல்லா சொல்லும்” என்று என்னைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சாப்பாட்டுக் கூடத்தை முதலில் முடித்தோம். மறுநாளே அங்கே ஒரு பிறந்தநாள். ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரிலும் நூல் கட்டிப் பலூன் தொங்கியது. தணிகாசலம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உற்சாகத்தில் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, குமிழின் நுட்பத்தைக் கூட்டத்துக்கு விளக்கினேன். கைதட்டல் எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. பிறந்தநாள் குழந்தை வீறிட்டு அழுதது. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாக்காரி ஏணியடிக்கு வந்தாள்.

“ஒரு பலூனத் தாங்க மாட்டாத குழா எப்படிண்ணா ஓட்டல காப்பாத்தும்?”

ஒண்ணு விடாம

இரண்டாம் மாடியில் பெயிண்ட் வேலை. குருசுக்குப்பத்திலிருந்து வந்திருந்த பெயிண்டர் சுறுசுறுப்பான ஆள். “சீலிங்கில் ஓர் இடம் பாக்கி இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கூரை பால்போல இருந்தது. எங்கள் ஸ்பிரிங்க்ளர்களும் பால்போல இருந்தன. பெயிண்ட் பட்ட குமிழ் நேரத்துக்கு வெடிக்காது. அத்தனையையும் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும். தணிகாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல நடந்து வந்தார். பெயிண்டரை அவர் எதிரில் கடிந்துகொண்டேன்.

“ஒண்ணு விடாம அடின்னு நீங்கதான சொன்னீங்க? அந்தக் கண்ணாடி இடுக்குல பிரஷ் நுழைய மாட்டேங்குதுன்னு துணிய முறுக்கி உட்டு அடிச்சேண்ணா!”

அக்னி மூலை

இதுதான் பெரியது. சமையலறைக்குப் பச்சைக் குமிழ், பக்கத்தில் காய்கறி அறைக்குச் சிவப்பு என்று வரைபடப்படி சரியாக மாட்டிக் குழாயில் தண்ணீரும் ஏற்றிவிட்டோம். பிறகு ஓட்டல் முதலாளி ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். அடுப்பு அக்னி மூலைக்குப் போக வேண்டும் என்றார் அவர். நடுச்சுவரை இடித்தார்கள். தென்கிழக்கில் இருந்த காய்கறி அறையில் பெரிய இட்லிக் கொப்பரை போய் உட்கார்ந்தது.

தணிகாசலம் முடிவாகப் பார்வையிட வந்த காலையில் நானும் அங்கேதான் நின்றேன். திசைகளுக்கு உரிய தேவர்கள் யார் யார் என்று சமையல்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையில் தணிகாசலம் கொப்பரை அருகே வந்தார். சமையல்காரர் மூடியைத் திறந்தார். ஆவி நேராக மேலே போனது. டப்பென்று வெடித்தது பழைய சிவப்புக் குமிழ்.

வந்தது தண்ணீர் என்று சொல்ல முடியாது. குழாயில் திருகுமரை வெட்டிய எண்ணெயும் துருவும் ஊறிய கறுப்புக் குழம்பு, நாற்றம் வேறு. இட்லி, சாம்பார், மேனேஜர் எல்லாம் ஒரே நிறம். நான் ஓடி வால்வை மூடியிருக்க வேண்டும். செய்யவில்லை. “பயப்படாதீங்க, ஒண்ணுதான் திறக்கும், மத்தது திறக்காது” என்று கைகளை விரித்து விளக்கிக்கொண்டு நின்றேன். “பாடத்த நிறுத்துடா, வால்வு எங்கடா?” என்று ஜபார் பாய் கத்தினார். வால்வு அறைச் சாவி என் பையில் இருந்தது.

எல்லாம் நின்றபின் தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கைக்குட்டையும் கறுத்தது.

“ஒண்ணுதான் திறக்கும்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னீங்க தம்பி. அது என் தலைக்கு மேல இருக்கும்னு சொல்லலியே.”

முடிவு

அதன் பிறகு லாஸ்பேட்டைப் பக்கம் வேலை வந்தால் உடம்பு சரியில்லை என்றேன். எதிரே வெள்ளைச் சட்டை வந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பினேன். வீட்டில் வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சிரிப்பு எனக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டபோது, தணிகாசலம் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“கண்ணால பாக்கறேன்னு சொன்னேன், தலையாலயே பாத்துட்டேன். பொய் மணி அடிச்சாலும் எழுந்து ஓடுறவன்தான் பட்டாளத்துல நல்ல சிப்பாய். இட்லி ஆவிக்கே குதிக்கிற குழா நெருப்ப விட்டுடாது. என் பொண்ணு கிட்ட கேட்டேன், சரின்னுட்டா. அவளும் நானும் கேக்கறது ஒண்ணுதான்: தண்ணி கொட்டும்போது வெளக்கம் சொல்லாதீங்க.”

சொம்பு

கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் அப்பா கழுவுவது அந்த வீட்டு வழக்கம். தாம்பாளத்தில் நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே கதை தெரியும். முதல் வரிசையில் ஜபார் பாய், பக்கத்தில் அந்தச் சமையல்காரர். தணிகாசலம் புது வெள்ளைச் சட்டையோடு குனிந்து, பித்தளைச் சொம்பைச் சாய்ப்பதற்கு முன்னால் என்னை அண்ணாந்து பார்த்தார். கௌரி முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டாள்.

“நல்ல தண்ணிதான் மாப்ள, பயப்படாம நில்லுங்க.”

அறுபத்தெட்டுக்குச் சிவப்பு, தொண்ணூற்று மூன்றுக்குப் பச்சை என்று எல்லாச் சூட்டுக்கும் குமிழ் கண்டுபிடித்துவிட்டார்கள். மாட்டியவன் முகத்தில் ஏறுகிற சூட்டுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை.