பம்பரமும் சுண்டுவும் விமானம் ஏறிய கதை

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏனென்றால் அவர் பிழைப்பே உட்கார்ந்து பார்க்கிற பிழைப்பு. பெரிய கட்டடம் கட்டுகிற இடத்தில் வானத்தை முட்டிக்கொண்டு டவர் கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலையில் ஏணி வழியாக ஏறி அதற்குள் உட்கார்ந்தால் ஒன்பது மணி நேரம், இரண்டு கையிலும் இரண்டு லீவர். காலை நீட்ட இடம் கிடையாது. பதினோரு வருஷமாக அங்கே உட்கார்ந்ததையெல்லாம் வீட்டில் நின்று தீர்த்துக்கொள்கிறார்.

சாப்பிடுவது நின்றுகொண்டு. டீவி பார்ப்பது நடந்துகொண்டு. செய்தித்தாளை ஜன்னல் கட்டையில் விரித்து வைத்து, போகும்போது நாலு வரி, திரும்பும்போது நாலு வரி படிப்பார். மாடி வீட்டில் இருக்கிற அவருடைய அண்ணி அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்து, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார். இவருக்குக் கோபம் வராது. கோபித்துக்கொள்வதென்றால் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

எங்கள் மகள் சுண்டுவுக்கு நாலு மாதம் ஆகியிருந்தபோது எனக்கு ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ் டெக்னீஷியன் பயிற்சி, ஆறு மாதம். ஒரு சின்ன கிளினிக்கில் ஒன்பது வருஷம் படுக்கை தட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள் நான். அங்கே சிறுநீரகம் கெட்டு வருகிறவர்களை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதெல்லாம், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவளாக நான் இருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். எப்போதோ எழுதிப்போட்டு மறந்தே போன விண்ணப்பம் அது. ஒரு நாள் வராவிட்டாலும் இடம் போய்விடும், முதல் ஐந்து வாரம் அவர்கள் விடுதியில்தான் தங்க வேண்டும், குழந்தைக்கு அனுமதியில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவர் வேலை பார்த்த கட்டடம் அப்போதுதான் முடிந்து கிரேனைக் கழற்றியிருந்தார்கள். அடுத்த இடத்தில் வேலை தொடங்கச் சில மாதம் இருந்தது. "நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார், அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில்.

"சுண்டு உங்ககிட்ட பாட்டில்ல குடிப்பாளா?"

"குடிப்பா."

"சேர்ந்தாப்புல ரெண்டு வேளை குடிக்கலன்னு தெரிஞ்சா நான் அன்னைக்கே வண்டி ஏறிடுவேன். படிப்பாவது மண்ணாவது."

இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். ஐந்து வாரமும் தினம் சாயங்காலம் போனில் நான் கேட்டது ஒரே கேள்வி: "குடிச்சாளா?" அவரும் தினமும் ஒரே பதில்தான் சொன்னார்: "குடிச்சா." ஒரு பக்கம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம், நான் இல்லாமல் அவ்வளவு சுலபமாகவா என்று எரிச்சலாகவும் இருக்கும். பால் வற்றிவிடக் கூடாதே என்று விடுதிக் குளியலறையில் தினமும் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. அப்பாவையும் மகளையும் கிளம்பி வரச் சொன்னேன். ரயில் என்றால் ஒன்றரை நாள். பால் பவுடர், வெந்நீர், நடுவில் வண்டி மாற வேண்டும். விமானம் இரண்டரை மணி நேரம். விமானத்துக்கே சீட்டு எடுத்தோம். இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

இனிமேல் வருவது நான் பார்த்ததல்ல, அவர் சொன்னது. அவர் நடந்துகொண்டே சொன்னதால் பாதியை அறைக்குள்ளும் பாதியை வாசலிலும் வைத்துக் கேட்டேன்.

குழந்தை டாக்டர், மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் காது அடைக்கும், அந்த நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். அண்ணி அதற்கு மேல் ஒரு படி போய், "பசியோட ஏத்துங்க பம்பரம். அப்பத்தான் வெச்சதும் கப்புனு பிடிப்பா" என்று யோசனை சொல்லி அனுப்பினார். அப்படியே சுண்டுவைப் பட்டினி போட்டு, விமான நிலையம் முழுக்க அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அவள் விரலைச் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்தாளாம்.

உள்ளே அவருக்கு நடைபாதை ஓரத்து சீட். குழந்தைக்கென்று ஒரு குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்து, அவருடைய பெல்ட்டோடு சேர்த்துக் கோத்து மாட்டினாள் பணிப்பெண். தினமும் அறுபது மீட்டர் உயரத்தில் தொங்குகிறவருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. லீவர் வேறு யார் கையிலோ இருக்கிறது என்பதுதான் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

விமானம் லேசாக அசைந்தது. கிளம்பிவிட்டது என்று நினைத்து உடனே பாட்டிலை வாயில் வைத்தார். ஓடுபாதைக்குப் போவதற்கே அது தெருத்தெருவாக ஊரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஊர்ந்தது, திரும்பியது, நின்றது. முன்னால் ஏழு விமானம் வரிசையில் நிற்பதாக அறிவிப்பு வந்தது. நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றது.

அதைவிட மோசம், சுண்டு பாட்டிலைத் தொடவில்லை. ஐந்து வாரமாகக் குடித்த அதே பாட்டில், அதே பால், அதே கை. நாக்கால் தள்ளினாள். முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். அந்தத் தொண்டை என் பக்கத்துச் சொத்து, அதை நான் மறுக்க மாட்டேன்.

அக்கம்பக்கமெல்லாம் டாக்டராகிவிட்டார்கள். சட்டையைக் கழற்றுங்கள் என்றார் ஒருவர். சட்டையைப் போடுங்கள் என்றார் இன்னொருவர். பின்சீட்டிலிருந்து ஒரு சாவிக்கொத்து ஆடியது. பக்கத்தில் இருந்த டை கட்டிய ஆள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் காதில் மாட்டியிருந்ததை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டார். இவர் பெல்ட்டை அவிழ்த்து எழுந்தார்.

"சார், உக்காருங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுக்கறேனே."

"லைட் எரியுது சார். உக்காந்து பெல்ட் போடுங்க."

உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார வைத்தாள். மூன்றாவது தடவை முன்னாலிருந்து பெரிய பணிப்பெண்ணே வந்துவிட்டாள். விமானம் ஒருவழியாக ஓடி மேலே ஏறியபோது சுண்டு கத்திய கத்தலில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை என்றார். அவர் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றுதானாம்: இவள் குடிக்கவில்லை, இது ஒரு வேளை, இன்னும் ஒரு வேளை போனால் இவள் அம்மாவின் படிப்பு போச்சு.

கிரேனில் சுமை அடங்காமல் ஆடினால் பதறக் கூடாது, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பார். காற்றா, கயிறா, கட்டிய விதமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். இங்கேயும் அப்படியே பார்த்தார். பாலின் சூடு சரி. நிப்பிள் சரி. கை சரி. கடைசியில்தான் அவருக்கு உறைத்தது, மாறியிருப்பது தான்தான் என்று. ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட அவர் உட்கார்ந்து பால் கொடுத்ததில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்தே கொடுத்திருக்கிறார். பால் என்பது நடந்தால் வருகிற ஒன்று என்று சுண்டு நினைத்துவிட்டாள்.

பெல்ட் விளக்கு அணைந்ததுதான் தாமதம், எழுந்து நடந்தார். மூன்றாவது வரிசை தாண்டுவதற்குள் சத்தம் நின்றது. கழிவறை வரைக்கும் போய்த் திரும்பும்போது கால் பாட்டில் காலி. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நாலாவது நடையில் எதிரே சாப்பாட்டு வண்டி வந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் இன்னொரு வண்டி. இரண்டுக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சுண்டு ஏமாறவில்லை, துப்பிவிட்டாள். பாதியோடு நின்றது. வண்டிகள் போவதற்குள் விமானம் குலுங்கி, மறுபடி விளக்கு எரிந்துவிட்டது.

இறங்கும்போது இரண்டாவது பாட்டில். உட்கார்ந்தபடியே முழங்காலை மேலும் கீழும் தூக்கி நடப்பது போலச் செய்தார். டை கட்டிய ஆளின் காபி கவிழ்ந்தது. சுண்டு வாயைத் திறக்கவே இல்லை. அழுது அழுது ஓய்ந்து, சக்கரம் தரையைத் தொடும்போது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிப்போனாள்.

ஏறும்போது இல்லை, நடுவில் பாதி, இறங்கும்போது இல்லை. இதை என்னிடம் எப்படிச் சொல்வது? பெட்டி வருகிற இடத்துக்குப் பக்கத்துக் கழிவறைக்குள் போய், அந்த நிறைந்த பாட்டிலை அப்படியே தொட்டியில் கவிழ்த்திருக்கிறார். நான் அங்கே ஐந்து வாரமாக ஊற்றியது போல இவரும் இங்கே ஊற்றியிருக்கிறார். குடும்பமாகச் சேர்ந்து ஊற்றியிருக்கிறோம்.

வெளியே கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். தூரத்திலேயே நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வந்ததும் கேட்டேன்.

"குடிச்சாளா?"

"குடிச்சா" என்று காலி பாட்டிலைக் காட்டினார்.

சுண்டுவை வாங்கினேன். கனத்திருந்தாள். கழுத்து மடிப்பில் பழைய வாசனை போய் அவருடைய சோப்பு வாசனை வந்திருந்தது. கை மாறியதும் விழித்து, என்னை ஒரு பார்வை பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்த ஆரம்பித்தாள். அது பசிக் கத்தல் என்று தெரியாமல் போகிற அளவுக்கு நான் அந்நியமாகிவிடவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவைப் போர்த்தி அவளுக்குக் கொடுத்தேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஐந்து வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். மறுபடி வைத்தேன். கையால் தள்ளிவிட்டு, துப்பட்டாவுக்கு வெளியே தலையை நீட்டி அவரைத் தேடினாள்.

"எந்திரிச்சு நட. உக்காந்தா குடிக்க மாட்டா. எனக்கே மேல போனப்புறம்தான் தெரிஞ்சுது."

"எம் பொண்ணுக்கு எப்படிக் குடுக்கணும்னு நீங்க எனக்குச் சொல்லித் தர வேணாம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன், பெட்டி தள்ளிக்கொண்டு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சுண்டுவை வாங்கி, பிளாஸ்க் வெந்நீரில் பாலைக் கலந்து, நாற்காலி வரிசைக்கும் தூணுக்கும் நடுவில் நடந்தார். ஒரு திருப்பத்தில் அவள் அடங்கினாள். மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை மழுப்ப ஒன்றுமில்லை, கட்டின புருஷன் மேல் வயிறு எரிகிற பொறாமை.

பக்கத்தில் வந்தபோது சொன்னேன். "நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். போதும் படிச்சது. இன்னும் நாலரை மாசம் போனா நான் யாருன்னே இவளுக்குத் தெரியாது."

அவர் நின்றார். நிஜமாகவே நின்றார்.

"குடிக்கலன்னா வந்துடுவேன்னு சொன்னே. பயந்துகிட்டே அஞ்சு வாரம் குடுத்தேன். இப்ப குடிக்கிறான்னு வந்துடறேங்கறே. நான் என்னதாம்மா பண்ணணும்?"

அவர் நின்றுவிட்டதால் சுண்டு சிணுங்கத் தொடங்கினாள். எழுந்தேன். அவர் குழந்தையை என் கையில் வைத்து, பாட்டிலை என் விரலுக்குள் செருகி, என் முழங்கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்.

நடந்தேன். தூண் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடி தூண் வரைக்கும் போனேன். முதலில் அழுதாள், பிறகு பிடித்துக்கொண்டாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க அவர் மேலேயே இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. போனேன்.