கார் கூரையில் ஓர் அடி

பனிப்புயல் ஓய்ந்த காலையில் பெரியப்பாவின் மகள் சுதா குடும்ப வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். றிச்மண்ட் ஹில்லில், அவள் வீட்டு முற்றத்துப் பனியில் ஓர் அடிமட்டம் குத்தி நின்றது. இருபத்தெட்டு சென்ரிமீற்றர். பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் என் முற்றத்தில் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன். இருபத்தைந்தைத் தாண்டவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

இது பழைய எரிச்சல். சிறுவயதில் நாங்கள் பார்க்டேலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தோம். பனி கொட்டிய ஒவ்வொரு காலையும் பெரியப்பா அப்பாவுக்கு போன் எடுப்பார்.

"எங்கட கார் மேல ஒரு அடி. உங்கட பக்கம் எவ்வளவு?"

அவரிடம் புதுக் கார் இருந்தது. எங்களிடம் பஸ் ரிக்கற்றுகள் இருந்தன.

ஒருநாள் அப்பா என் பள்ளிக்கூடப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு, ஈரச் சப்பாத்து மணக்கும் படிக்கட்டால் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். கீழே யாரோ ஒருவருடைய கார் கூரைப் பனியில் அதைக் குத்தினார். பன்னிரண்டு இஞ்சி அடிமட்டம் முழுதாகப் புதைந்தது. மேலே வந்து போன் எடுத்தார்.

"கார் மேலதான் அளந்தனான், அண்ணை. பதின்மூண்டு இஞ்சி."

நாங்கள் எப்போது கார் வாங்கினோம் என்று பெரியப்பா யோசித்திருப்பார். அதைப்போல இனித்த காலை எனக்கு வேறில்லை.

இப்போது அப்பா என் வீட்டு ஜன்னலருகில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சுதாவின் படத்தைக் காட்டினேன்.

"நீ கார் மேல அளந்தனியே, பிள்ளை?"

"எங்கட கார் கராஜுக்குள்ள எல்லே நிக்குது, அப்பா."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன்ர காரில அள."