வீலில் ஒட்டிய சிவப்பு அம்பு

முதலில் ஒரு வாசனை வரும். ஈரத் துணிமேல் சூடான அயர்ன் பெட்டியை வைத்த மாதிரி... அடுத்து 'டக்' என்று ஒரு குலுக்கல். கையில் எழும்பிக்கொண்டிருந்த களிமண் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஓட ஆரம்பித்து இருபது நிமிடத்தில் இது நடக்கும். அதுவரை அந்த வீல், கரண்டில் ஓடும் குயவர் சக்கரம், தங்கமாக ஓடும்.

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நானும் சரசு அக்காவும் வாடகைக்கு இருந்தோம். நான் செராமிக்ஸ் டிப்ளோமா கடைசி செமஸ்டர். அக்கா பந்திங் பக்கம் எஸ்டேட்டிலிருந்து வந்தவர், எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பன்னிரண்டு வருடமாக ஆப்பரேட்டர். ஒரே குளியலறை என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

இறுதித் தேர்வுக்கு ஒரே அளவில் பன்னிரண்டு கிண்ணங்கள் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சூளை. காய நாலைந்து நாளாவது ஆகும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் செய்து முடித்தாக வேண்டும். தவறினால் இன்னொரு செமஸ்டர். கல்லூரியில் இருந்த நாலு வீலுக்கும் எப்போதும் ஆள் காத்திருக்கும். அதனால்தான் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜப்பானிய அம்மாளிடம் இந்தப் பழைய வீலை வாங்கினேன்.

"மாலா, நீ மண்ணுல வெளையாடு, வேணாங்கல," என்பார் அக்கா. "நான் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கண்ண மூடுனாதான் அது டக்கு டக்குங்குது."

பிளக்கில் பியூஸ் மாற்றினேன். கால் பெடலைத் திறந்து, யாருடைய காலத்துக் களிமண்ணோ, காய்ந்து கிடந்ததை டூத் பிரஷ்ஷால் சுரண்டினேன். மோட்டாருக்குப் புது கார்பன் கட்டை போட்டேன். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் சந்தோஷம்.

கீழே ரிப்பேர் கடை வைத்திருந்த அங்கிள் மாடிக்கு வந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். "நல்லாத்தானம்மா ஓடுது. நீ ரொம்ப அமுக்குறியோ?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்... டக்.

மறுநாள் உள்ளே இருந்த சர்க்யூட் போர்டைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோனேன். கருகின இடம் ஏதாவது உண்டா என்று தேடினார். இல்லை. "போர்டு ரோசாக்மா, கெட்டுப்போச்சு. ஜப்பான் சாமான், இங்க கெடைக்காது. பேசாம வேற வீல் பாரு."

சனிக்கிழமை காலை. போர்டைச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். நூலகப் புத்தகம் படித்து அதிலிருந்த பாதிச் சாமான்களின் பெயர் மனப்பாடமாகியிருந்தது. எது கெட்டது என்றுதான் தெரியவில்லை.

அக்கா ஷிப்ட் முடிந்து, கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார்.

"இதுதான் என்னைத் தூங்க விடாததா?"

"தொடாதீங்கக்கா, அது..."

அதற்குள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, போர்டை ஓரத்தில் மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிவிட்டார். இரண்டு நாளாக நான் அதை ரொட்டி சானாய் பரோட்டா மாதிரி அள்ளிக்கொண்டு திரிந்தது அப்போதுதான் உறைத்தது.

அக்கா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பின்பக்கத்தைப் பார்த்தார். கண் இடமிருந்து வலம், அடுத்த வரி, அடுத்த வரி... ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். ஒன்றை உரித்து போர்டில் ஒட்டினார்.

"எங்க லைன்ல இது ரிஜெக்ட்."

ஈயத்தை உருக்கி ஒட்டிய மற்ற சோல்டர் பொட்டுகள் பளபளவென்று இருந்தன. அம்பு காட்டிய இடத்தில் மட்டும் மங்கல். சுற்றிலும் மயிரிழை மாதிரி ஒரு வளையம்.

"விட்டுப்போச்சு பாரு. ஆறி இருக்கறப்ப ஒட்டிக்கிட்டு இருக்கும். சூடு ஏறுனா வெலகிடும்."

"இது என்ன பார்ட்டுக்கா? எதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? பன்னெண்டு வருசமா யாரும் சொன்னதில்ல. நல்லாருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேப்பாங்க."

யூனிபார்மைக்கூட மாற்றாமல் என்னோடு கீழே வந்தார்.

"நான் பாக்காததா? நீ என்னம்மா இன்ஜினியரா?" என்றார் அங்கிள்.

"ஆப்பரேட்டர், அங்கிள். அந்த அம்பு காட்டுற எடத்துல மட்டும் சோல்டர் வைங்க, போதும்லா."

அவர் ஒரு பொட்டு வைத்தார். அக்கா குனிந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி வைத்தார். "ம்ம்... பாஸ்."

மேலே வந்து போர்டை மாட்டி வீலை ஓட்டினேன். இருபது நிமிடம். இருபத்தைந்து. நாற்பது. சத்தமே இல்லை. சொல்லலாம் என்று எழுந்து போனால், அக்கா நாசி லெமாக்கைப் பிரிக்காமலே தூங்கியிருந்தார்.

ஞாயிறு மாலை பலகைமேல் பதின்மூன்று கிண்ணங்கள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்தபடி நடந்தார். ஈர மண்ணில் ஸ்டிக்கர் ஒட்டாது, அதனால் ஏழாவது கிண்ணத்துக்கு நேராகப் பலகையில் ஒரு அம்பு. "வாய் கோணல்." ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆமாம்.

மற்ற பன்னிரண்டும் தேர்வுக்குப் போயின, பாஸ் ஆனேன். அந்த ரிஜெக்ட்டைச் சுட்டதும் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார், கோப்பி குடிக்க. மறுவருடம் அவருடைய லைனை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். அக்கா பந்திங்குக்கே திரும்பிவிட்டார்.

இப்போது கிள்ளானில் எனக்கொரு சின்னப் பட்டறை. புது வீல் பழுதானால் திரையில் ஒரு எண் காட்டுகிறது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், புது போர்டு வந்துவிடும். பழையதை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

பழைய வீல் மூலையில் இருக்கிறது, ஓடும். போன வாரம் சுத்தம் செய்யத் திறந்தேன். அம்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது, இன்னும் அதே இடத்தைக் காட்டிக்கொண்டு. அது என்ன பார்ட் என்று எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டேன். அக்காவிடம்தான் சொன்னதே இல்லை.

போன் போட்டேன்.

"அக்கா, நீங்க அம்பு ஒட்டுனீங்களே... அது ட்ரான்சிஸ்டர். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகணும்னு அதுதான் விடும். வீலோட வேகமே அதுலதான் இருக்கு."



"அப்படியா," என்றார் அக்கா. "அந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை பாத்திருப்பேன்..."

பிறகு, "நல்ல வேலதான் பாத்திருக்கேன், இல்ல?"