தீ படாத காயம்

அக்காவின் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அதனாலேயே அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் அவள் பெட்டி ஒட்டும் வேலை பார்த்தாள். விபத்து நடந்த அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே குழாயடிக்கு வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அக்கா நின்ற இடத்துக்கு நெருப்பு வரவே இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத எதுவோ அவளைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

"வெடிச்ச சத்தமே எனக்குக் கேக்கலடி. வெள்ளையா ஒரு வெளிச்சம். அம்புட்டுதான்" என்றாள் பிறகு.

கருகியவர்களை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது. இவளைக் கம்பெனி வேனில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நான் பாடம் நடத்தும் திருத்தங்கல் பள்ளிக்கூடம் முடிந்து வந்தபோது, நான் பேசப் பேச அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

மறுநாளே மதுரைக்கு அழைத்துப் போனேன். காது டாக்டர் நீண்ட நேரம் சோதித்தார். "செவிப்பறை ரெண்டும் கிழிஞ்சிருக்கு. அது ஆறிடும்மா. உள்காதுல நரம்பு போனது திரும்பி வராது" என்றார்.

ஊர் திரும்பிய சில நாளில் ஆலையின் போர்மேன் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், ஒங்க அக்காவ வேலைக்கு வரச் சொல்லுங்க. மேலுல ஒரு காயம் இல்ல. காது கேக்கலன்னு நடிக்காகன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாக."

"தீ படலன்னா காயமே இல்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எத்தன படத்துல பாத்திருக்கோம்? பின்னால குண்டு வெடிக்கும், ஹீரோவத் தூக்கி வீசும், எந்திரிச்சுத் தூசியத் தட்டிட்டு நடந்து போவான்."

அவர் கேலி பேசவில்லை. பட்டாசு ஆலையிலேயே தலை நரைத்த மனிதர், அதை நம்பித்தான் சொன்னார்.

மருந்து வெடிக்கும்போது பிறக்கும் வாயு, சுற்றியிருக்கும் காற்றைக் கண நேரத்தில் நெருக்கித் தள்ளுகிறது. நெருக்கப்பட்ட அந்தக் காற்று, சத்தத்தைவிட வேகமாக ஒரு சுவர்போலப் பாய்கிறது. உடம்புக்குள் எங்கெல்லாம் காற்று இருக்கிறதோ அங்கேதான் அது முதலில் கை வைக்கும்: காது, நுரையீரல், குடல். தோலில் ஒரு கீறலும் இல்லாமல் நுரையீரல் கிழிந்து சாகலாம். திரையில் எழும்பும் ஆரஞ்சு நிறத் தீப்பிழம்போ பெரும்பாலும் பெட்ரோல். கேமரா ரசிக்கிற அளவுக்கு அது மெதுவாக எரியும். நாயகனின் செவிப்பறை கிழிவதைப் படம் பிடிக்க முடியாது. அதனால் அவனுக்குச் செவிப்பறையே கிடையாது.

இதையெல்லாம் நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் ஒரு புதுப்படம் வந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தால், பையன்கள் வாயாலேயே வெடிச்சத்தம் எழுப்பிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, வாய்ப்பக்கம் ரப்பர் தாளை இழுத்துக் கட்டினேன். ஓட்டையை நேர் எதிரே எரிந்த மெழுகுவத்தியை நோக்கித் திருப்பி, தாளை ஓங்கித் தட்டினேன். வகுப்பின் மறுகோடியில் மெழுகுவத்தி அணைந்தது.

"இது வெறும் செல்லத் தட்டு. வெடியில வர்றது இதோட சேத்தியே கிடையாது, அது செவுத்தையே இடிக்கும். ஆனா காத்துக்கும் கை உண்டுன்னு தெரிஞ்சுக்கிடுங்க" என்றேன். அக்காவின் கதையையும் சொன்னேன்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"தீபாவளி சீசன் நேரத்துல பிள்ளைகளப் பயமுறுத்துறீகன்னு ஒரு பேரண்ட் போன் பண்ணாரு. பாடத்துல இருக்கறத மட்டும் நடத்துங்க டீச்சர்."

"ஒலி பாடத்துல இருக்கு சார். படத்துல இருக்கறத மட்டும் படிச்சவுகதான் எங்க அக்காவ நடிக்கான்னு சொல்லுதாக."

அவர் மேசைமேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார்.

டாக்டர் கொடுத்த அறிக்கையை ஆலை அலுவலகத்தில் கொடுத்தேன். அதன்பின் நடிப்பு என்ற பேச்சு நின்றது. போர்மேன் மறுபடி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"காது கேக்காதவுகள வேலைக்கு வச்சா ரிஸ்க்கு டீச்சர். ஆபத்துன்னு கத்துனா அவுகளுக்குக் கேக்காது. இனிமே வர வேண்டாம்னுட்டாக."

அக்கா அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் இப்போதெல்லாம் அவள் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"அப்படின்னா காயம் பட்டுருக்குன்னு இப்பத்தான் ஒத்துக்கிட்டீகளா?"

எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. அவர் எதுவோ முணுமுணுத்தபடி பைக்கை உதைத்தார். "என்னடி சொன்னாரு?" என்று அக்கா கேட்டாள். எனக்கும் கேட்கவில்லை.

அக்கா இப்போது ஓர் அச்சகத்தில் காலண்டரின் மேல் ஓரத்தில் தகடு அடிக்கிறாள். மெஷின் இரைச்சலில் அங்கே மற்றவர்களும் சைகையில்தான் பேசுகிறார்கள். அவள் சமாதானமாகிவிட்டாள். நான் ஆகவில்லை.